முனகலும் மூன்றாவது காலும்

ஒலிபெருக்கியிலிருந்து எழும் முனகலை அடக்குவதற்கு நம் வீடுகளில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, விலை கூடிய கேபிள் வாங்கி மாட்டுவது. இரண்டாவது, ஆம்ப்ளிஃபையரின் மூன்று கால் பிளக்கிலுள்ள தடித்த காலைப் பிடுங்கிவிடுவது, அல்லது பிளக்கையே இரண்டு கால் பிளக்காக மாற்றிவிடுவது. மூன்றாவது, முனகலோடு சேர்த்தே பதிவு செய்துகொண்டு, பிறகு கணினியில் மென்பொருள் கொண்டு அதை வழித்தெடுப்பது. முதலாவது பணத்தை வீணாக்குகிறது. இரண்டாவது உயிருக்கு உலை வைக்கிறது. மூன்றாவது, எந்தக் குரலைக் காப்பாற்ற முனைந்தோமோ அந்தக் குரலையே அரித்துவிடுகிறது. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. முனகல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இவற்றில் எதுவும் கேட்பதில்லை. ஒலி அடங்கினால் போதும் என்ற அவசரமே மூன்றிலும் தெரிகிறது. முனகலின் வாயை அடைப்பதற்கு முன் அது என்ன சொல்கிறதென்று கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

இலக்கியம் பேசுமிடத்தில் கம்பிக்கும் பிளக்குக்கும் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட கேசட், பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர் வரை வந்து சேர்ந்தபோது, அச்சேறாத தமிழில் ஒரு பெரும்பகுதி அதற்குள் போய் அமர்ந்துகொண்டது. இலக்கியக் கூட்டங்களின் உரைகள், எழுத்தாளர்களோடு திண்ணையில் அமர்ந்து நிகழ்த்திய நீண்ட உரையாடல்கள், ஆய்வு மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பதிந்துவந்த தாலாட்டு, ஒப்பாரி, கூத்துப் பாடல்கள் என்று அப்பட்டியல் நீளும். பலவற்றுக்கு வேறு படி கிடையாது. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. இந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் பணி காப்பகங்களில் மட்டுமன்றி, ஆர்வமுள்ள தனிமனிதர்களின் வீடுகளிலும் நடைபெற்றுவருகிறது. ஒரு பழைய டெக், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு மடிக்கணினி, இடையே சில கம்பிகள். இவ்வளவுதான் அந்தக் கூடத்தின் சொத்து. நலிந்துபோன நாடாவுக்கு அதுவே கடைசி ஓட்டமாகவும் அமைந்துவிடலாம். அந்த ஒரே ஓட்டத்தில் கம்பி முனகினால், பாட்டியின் குரலோடு நம் வீட்டு மின்சாரமும் சேர்ந்தே வரலாற்றில் பதிவாகும்.

ஆகவே இது கருவிப்பித்தர்களின் பிரச்சினை மட்டுமன்று, நம்முடையதும்தான்.

*

ஓசைகளைப் பிரித்தறிவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய உரியியல் ஓசை பற்றிய சொற்களையெல்லாம் ஒரே குவியலாக வைப்பதில்லை. கம்பலை, சும்மை போன்றவற்றை அரவம் என்னும் பொருளுக்குரியனவாக ஓரிடத்திலும், சிலைத்தல், இயம்பல் போன்றவற்றை இசைப்பொருளுக்குரியனவாக வேறோரிடத்திலும் அது வைக்கிறது. இத்தகைய மரபில் வந்த நாம், ஒலிபெருக்கியிலிருந்து வேண்டாத ஓசை எது வந்தாலும் ‘இரைச்சல்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறோம். கடைக்காரரிடம் போய் ‘இரைச்சல் வருகிறது’ என்றால் அவர் கையில் அகப்பட்ட மருந்தைத்தான் தருவார். பெயரைச் சரியாகச் சொன்னால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

பாம்பின் சீற்றம் போல ‘ஸ்ஸ்’ என்று மேல்சுருதியில் ஒலிப்பது நாடாவின் இயல்பான சீற்றமாகவோ மின்னணுப் பகுதிகளின் சீற்றமாகவோ இருக்கும். கம்பியை அதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. அசைத்தால் கூடுவதும் குறைவதுமாக வரும் கரகரப்பு, தளர்ந்த பற்றவைப்பினாலோ ஒலியளவுத் திருகில் படிந்த தூசியினாலோ வருவது. கைபேசியை அருகில் வைத்தால் ‘டிக்டிக்டிக்’ என்று வந்துகொண்டிருந்த தாளம், பழைய ஜி.எஸ்.எம். கைபேசி நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்பியதன் விளைவு. மின்விசிறியின் வேகத்தை மாற்றும்போது மாறுகின்ற கூர்மையான ரீங்காரம், சுவரிலுள்ள எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குரியது. பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடித்தது, ஆனால் ரீங்காரம் எழுப்பவில்லை. புதியது மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுகளின் ஓசைதான் ஒலிக்கம்பியில் ஏறிக்கொள்கிறது.

இவையெல்லாம் போக எஞ்சுவதே கடைத்தெருவில் ‘ஹம்மிங்’ என்று வழங்கும் முனகல். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 முழுச் சுற்றுகள் அலைவது. ஆகவே முனகலும் 50 ஹெர்ட்ஸிலோ அதன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலோ ஒலிக்கும். சங்கீதப் பழக்கமுள்ளவர்கள் இதை எளிதில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கட்டைச் சுருதியின் பஞ்சமத்தை மந்தரத்தில் பிடித்தால் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் முனகல் அதற்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. 50 ஹெர்ட்ஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதே ஒரு தடயம். மின்மாற்றிக்கு அருகே கம்பி கிடப்பதால் காந்தப்புலம் புகுந்து உண்டாகும் முனகல் பெரும்பாலும் 50-இல் இருக்கும். ஆம்ப்ளிஃபையருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி நலிந்திருந்தால் 100-இல் இருக்கும். நிலத்தொடர்புக் கோளாறினால் வருவது, பல மடங்குகளும் கலந்து வண்டு போல ஒலிக்கும்.

*

நிலத்தொடர்பு, அதாவது மின்பணியாளர் ‘எர்த்’ என்று சொல்வது, இந்தக் கதையின் நடுநாயகம். ஆகவே அது எவ்வாறு முனகலை உண்டாக்குகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

வீட்டில் நாம் பயன்படுத்தும் ஆர்.சி.ஏ. கம்பியில் இரண்டே பாதைகள்தாம் உள்ளன. நடுவிலுள்ள மெல்லிய கம்பி ஒலிக்குறியைக் கொண்டுசெல்கிறது. அதைச் சுற்றியுள்ள உலோக உறை இரட்டை வேலை பார்க்கிறது: வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுக்கும் வேலியும் அதுவே, ஒலிக்குறி திரும்பி வரும் பாதையும் அதுவே. டெக்கும் ஆம்ப்ளிஃபையரும் கூடத்துப் பிளக்கிலும், கணினி அடுத்த அறைப் பிளக்கிலும் மாட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி எர்த் கம்பி சுவருக்குள் ஓடுகிறது. வழியில் குளிர்பதனப் பெட்டியும் மோட்டாரும் கசியவிடும் சிறு மின்னோட்டங்களும் அந்த எர்த் கம்பிகளில்தான் வடிகின்றன. அதனால் கூடத்து எர்த்தும் அறை எர்த்தும் துல்லியமாக ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்துகொண்டேயிருக்கும். இப்போது ஆம்ப்ளிஃபையரையும் கணினியையும் ஒலிக்கம்பியால் இணைத்தவுடன், மேட்டிலுள்ள குளத்துக்கும் பள்ளத்திலுள்ள குளத்துக்கும் வாய்க்கால் வெட்டியது போல, கம்பியின் உறை வழியே மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. உறையே ஒலிக்குறியின் திரும்புபாதையாகவும் இருப்பதால் அந்த வேறுபாடு ஒலிக்குறியோடு கூட்டிக்கொள்ளப்படுகிறது. வீட்டுக் கருவிகளில் ஒலிக்குறியின் வழக்கமான அளவு 0.3 வோல்ட் அளவில் இருக்கும். உறையில் 3 மில்லிவோல்ட் ஏறினால் நூறில் ஒரு பங்கு முனகல். பாட்டின் நடுவே அது தெரியாது. பாடியவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தெரிந்துவிடும்.

இசைத்தட்டுக் கருவியில் நிலைமை இன்னும் மோசம். ஊசியிலிருந்து வரும் ஒலிக்குறி 5 மில்லிவோல்ட் அளவே. அதோடு, 1950-களில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. ஒழுங்குப்படி இசைத்தட்டில் கீழ்ச்சுருதிகள் அடக்கிப் பதியப்பட்டு, ஒலிக்கும்போது மீண்டும் உயர்த்தப்படுகின்றன. நடுச்சுருதியோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. முனகலுக்குப் பந்தியில் முதலிடம் போட்டுக் கொடுத்தது போலத்தான். இசைத்தட்டுக் கருவியின் பின்புறத்தில் தனியாகத் தொங்கும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் திருகில் முடுக்காமல் விட்டுவிடுவதே அங்கே முனகலுக்கு முதற்காரணமாக இருப்பது வழக்கம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் சுவர்ப் பிளக்கில் மூன்று துளைகள் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மடிக்கணினியின் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டவென்று வைத்துள்ள சிறு கண்டன்சர்கள் வழியே ஒரு மிகச்சிறு மின்னோட்டம் கசியும். எர்த் இருந்தால் அது அதில் வடிந்துவிடும். எர்த் இல்லாத வீட்டில் அது கணினியின் உலோக உடலில் நின்று, தடவும் கைக்கு எறும்பு ஊர்வது போன்ற உணர்வைத் தருகிறது. ஒலிக்கம்பியை இணைத்ததும் அதன் உறை வழியே வடிகால் தேடிக்கொள்கிறது. ஆக, எர்த்துக்கு இரண்டு வழி இருந்தாலும் முனகல், எர்த்தே இல்லாவிட்டாலும் முனகல். காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரு நோய்களுக்கும் மருந்து நேரெதிரானது. முதலைத் தேடாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

*

தேடும் முறை கடினமானதன்று. மூலபாடம் பார்ப்பவர் சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று கண்டறிவார் அல்லவா? அதே ஒழுங்குதான் இங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் கேட்க வேண்டும்.

முதலில் நாடாவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முனகல் தொடர்ந்தால் அது நம் கம்பிகளில் இருக்கிறது. நாடா ஓடும்போது மட்டும் வந்தால், வேறொரு நல்ல நாடாவைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால் டெக்கின் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். வராவிட்டால் முனகல் பழைய நாடாவிலேயே பதிந்துள்ளது.

அடுத்து ஒலியளவுத் திருகைக் கூட்டிக் குறையுங்கள். திருகோடு முனகலும் கூடிக் குறைந்தால் அது திருகுக்கு முன்னால், உள்ளே வரும் கம்பிகளிலிருந்து வருகிறது. திருகை முற்றிலும் குறைத்தும் மாறாமல் நின்றால் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே கோளாறு; பழைய கருவியாயின் ஃபில்டர் கண்டன்சர் வறண்டுபோயிருக்க வாய்ப்பு மிகுதி. அதைத் திறந்து பார்க்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

முனகல் உள்ளே வரும் கம்பிகளிலிருந்து வருகிறதென்றால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு அவற்றையெல்லாம் கழற்றுங்கள். ஆர்.சி.ஏ. முனையில் நடுக்கம்பி முதலிலும் உறை பிறகும் தொடும்படி அமைந்திருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் பேரொலி எழுந்து ஒலிபெருக்கியைப் பாதிக்கும். பிறகு ஒவ்வொரு கம்பியாக மாட்டிக் கேளுங்கள். எந்தக் கம்பி வந்து சேர்ந்ததும் முனகல் தொடங்குகிறதோ அதன் மறுமுனையில் இருக்கிறது குற்றவாளி. மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிடுங்கள். முனகல் சட்டென்று நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. தொலைக்காட்சியும் இணைந்திருந்தால் அதன் கேபிள் டி.வி. அல்லது டி.டி.எச். கம்பியைக் கழற்றிப் பாருங்கள். மொட்டைமாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் அந்தக் கம்பியின் உறை, வீட்டுக்குள் நாம் அறியாத இரண்டாவது எர்த்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

காரணம் தெரிந்தபின் தீர்வு பெரும்பாலும் செலவில்லாதது. எல்லாக் கருவிகளையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டினால் எர்த் மட்டங்களின் வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். ஒலிக்கம்பியைக் குட்டையாக்கலாம். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி, குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கொண்டுபோகலாம். உறை அறுந்த கம்பியை மல்ட்டிமீட்டரால் கண்டுபிடித்துப் பற்றவைக்கலாம். நாடாவைப் பதியும் நேரம் முழுவதும் மடிக்கணினியை மின்கலத்திலேயே ஓட்டலாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால், ‘கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்’ என்ற பெயரில் கிடைக்கும் சிறு ஒலி மின்மாற்றியை இடையில் வைக்கலாம். அது ஒலிக்குறியைக் காந்தப்புலம் வழியாகக் கடத்தி, உறையின் தொடர்பை அறுத்துவிடுகிறது. மலிவானது கீழ்ச்சுருதிகளைச் சற்று விழுங்கும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். கருவிகளில் வசதியிருந்தால் ஒளியிழைக் கம்பியைப் பயன்படுத்தலாம். ஒளிக்கு எர்த் தேவையில்லை.

*

இனி, தொடக்கத்தில் சொன்ன மூன்று தவறான மருந்துகளுக்கு வருவோம்.

விலை கூடிய கம்பி. அதை முற்றிலும் பொய் என்று சொல்லிவிட முடியாது. நெருக்கமாகப் பின்னிய தடித்த உறை மின்தடையைக் குறைக்கும்; தடை குறைந்தால் உறையில் ஏறும் முனகலும் குறையும். இந்த நன்மை நல்ல பின்னலும் உறுதியான பற்றவைப்பும் உள்ள சாதாரணக் கம்பியிலேயே கிடைத்துவிடுகிறது. மூன்று மீட்டர் கம்பியை ஒரு மீட்டராகக் குறைத்தாலும் கிடைத்துவிடுகிறது. வெள்ளி கலந்த செம்பும் பட்டுத்துணி உறையும் எர்த் மட்டத்தைச் சமன்படுத்தப்போவதில்லை. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியில் பணம் போடுவது இன்னும் வேடிக்கை. அங்கே ஒலிக்குறி வலுவானது, மின்தடை மிகக் குறைவு. முனகல் அங்கே ஏறுவது அரிது.

முனகலுக்கெதிரான நல்ல சிந்தனைகள் கம்பியின் உலோகத்தைவிட அதன் அமைப்பிலேயே தோன்றியிருக்கின்றன. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புறத்திலிருந்து வரும் தொல்லை இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறினால், இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் கருவிக்கு அது கேட்காது. மேடைக் கருவிகளின் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும் இத்தத்துவத்தையே பயன்படுத்துகிறது. அங்கும் குறை எழுந்தபோது, 1995-இல் நீல் மன்சி என்ற ஒலிப்பொறியாளர் கருவிகளின் உட்புறத்தைச் சுட்டிக்காட்டினார். கம்பியின் உறையைக் கருவியின் உலோக உடலில் சேர்க்காமல் உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகையில் சேர்ப்பதால் முனகல் நேரே உள்ளே நுழைகிறது என்று விளக்கினார். கருவி செய்தவரின் பிழைக்குக் கம்பி வாங்குபவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

இரண்டாவது, மூன்றாவது காலை வெட்டுவது. இதைப் பற்றி நயமாகப் பேசுவதற்கு எதுவுமில்லை. எர்த் காலை வெட்டினால் முனகல் நின்றுவிடலாம் என்பது உண்மைதான், வளையம் அறுந்துவிடுகிறது. அந்தக் கால் எதற்காக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பிளக்கில் அதை மட்டும் தடிப்பாகவும் நீளமாகவும் செய்திருக்கிறார்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. கருவிக்குள் ஒரு மின்கம்பி தேய்ந்து உலோக உடலைத் தொட்டால், எர்த் வழியே மின்சாரம் பாய்ந்து ஃபியூஸோ டிரிப்பரோ துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் துண்டிக்காது. உடல் 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும். நாம் மாட்டியுள்ள ஒலிக்கம்பிகளின் உறைகள் அந்த 230 வோல்ட்டை டெக்குக்கும், கணினிக்கும், கையில் பிடித்திருக்கும் மைக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆளைக் காப்பதற்காக வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. கருவி 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும்படி வைக்கப்படுகிறது. ‘ஜீரோ வாட்’ என்று நாம் அழைத்த பழைய இரவுவிளக்கு இழுத்த மின்னோட்டமே இதைவிட அதிகம்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 1972 மே மாதத்தில் ஸ்காட்லாந்துக் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மாண்டார். 1976 மே மாதத்தில் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், லண்டனில் தம் வீட்டில், எர்த் சரியில்லாத மின்கிதாரை வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். இவர்கள் ஒலியோடு வாழ்ந்தவர்கள். நம் வீட்டில் மைக்கைப் பிடிக்கப்போவது ஊர்ப்பாட்டைச் சொல்ல வந்த எழுபது வயது மூதாட்டியாகவோ, ஆர்வத்தில் கை நீட்டும் குழந்தையாகவோ இருக்கக்கூடும். இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்த குறியுள்ள கருவி, இரட்டைக் காப்புடன் இரண்டு கால் பிளக்குக்கென்றே செய்யப்பட்டது, அது வேறு. மூன்று காலுடன் பிறந்த கருவியை முடமாக்க எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது, மென்பொருளால் வழித்தெடுப்பது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், தம் மாணவர்கள் முன்பு பதிந்துவந்த ஒப்பாரி நாடாக்கள் சிலவற்றைக் கணினிக்கு மாற்றும்படி ஓரிடத்தில் கொடுத்திருந்தார். திரும்பி வந்த குறுவட்டைக் கேட்கச் சொன்னார். முனகல் துளியும் இல்லை. ஆனால் பாடியவர் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போலிருந்தது. அழுகையின் நடுவே வரும் விம்மல்களும், சுற்றியிருந்த பெண்களின் ‘உம்’ கொட்டலும் காணாமற்போயிருந்தன. மாற்றியவர்கள் மூலப்பதிவை வைத்துக்கொள்ளவில்லை. நல்லவேளையாக நாடாக்கள் இன்னும் பிழைத்திருந்தன. இரண்டாவது முறை ஓட்ட முடிந்தது. எல்லா நாடாவும் இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை.

அவர்கள் தீயவர்கள் அல்லர். கருவி அப்படித்தான் வேலை செய்கிறது. மென்பொருள் முனகலின் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, அதை ஒத்தவற்றையெல்லாம் பதிவு நெடுகக் கழித்துக்கொண்டு போகிறது. 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் வெட்டினால் போதுமென்று தோன்றலாம். ஆண்குரலின் அடிச்சுருதி பேச்சில் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை உலவுவது. அந்த வெட்டுகள் விழுவது குரலின் மேலேயே. ஒரு கட்டையில் பாடுபவரின் தம்புராவில் பஞ்சமத் தந்தி 100 ஹெர்ட்ஸின் வாசற்படியில் நிற்கிறது என்பதை மேலே பார்த்தோம். முனகலுக்கு விரித்த வலையில் தம்புராவும் விழும். பழைய நாடாவிலேயே முனகல் பதிந்திருந்தால் மென்பொருளைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஏற்கிறேன். அப்போதும் கைபடாத மூலப்பதிவைத் தனியே வைத்துவிட்டு, படியொன்றில்தான் கைவைக்க வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் காப்புப்படி திருத்தப்படாததாக இருக்க வேண்டும் என்றே அறிவுறுத்துகிறது. சுவடியில் பாடம் விளங்கவில்லையென்று சுவடியையே சுரண்டும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்போமா? ஒலிக்கும் அதே நெறிதான். நம் கம்பிகளில் இன்று உண்டாகும் முனகலைக் கம்பியிலேயே தீர்க்க வேண்டும். அதைக் குரலில் கலக்கவிட்டுப் பிறகு பிரிக்க முயல்வது, பாலில் தண்ணீரை நாமே ஊற்றிவிட்டு அன்னப்பறவையைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

*

கம்பியில்லா ஒலிபெருக்கிகள் பெருகிவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு மட்டுமானால் அவர்கள் சொல்வது சரி. காற்றில் வரும் ஒலிக்கு எர்த் வளையம் இல்லை. ஆனால் நம் அலமாரியில் உள்ள நாடாவும் இசைத்தட்டும் கம்பியின் வழியாகத்தான் வெளியே வர முடியும். அவை வெளியே வரும்வரை கம்பியைப் பற்றிய அறிவு நமக்குத் தேவை.

முனகல் ஒரு குற்றப்பத்திரிகை. வீட்டின் எர்த் சரியில்லை, கண்டன்சர் வறண்டுவிட்டது, உறை அறுந்துவிட்டது என்று ஏதோ ஒன்றை அது சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்டால் ஒலியும் தெளியும், வீடும் காப்பாகும். எனவே நாடா மாற்றும் வேலையில் இறங்கும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். புதுக் கம்பி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், ஒரு மின்பணியாளரை அழைத்துச் சுவர்ப் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பின்புறம் உப்பும் கரியும் இட்டு மூடிய எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால், ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பிறகு டெக்கை இயக்கி, நாடா ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் வெறும் ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.